நடுக் கட்டடம்

திருவிடைமருதூர்
ஆகஸ்ட் 11

தர்ஷினிக்கு,

போனில் பேசினால் சண்டை வருகிறது, வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் விழுவதற்குள்ளேயே வருகிறது, இனி எதுவானாலும் மெயிலில் எழுதுங்கள் என்று நீதான் சொன்னாய். இதோ எழுதுகிறேன். ஆனால் இது நம் விஷயம் இல்லை. ஆபீஸ் விஷயம்.

எங்கள் உழவர் கம்பெனியைப் பற்றி உனக்கு அவ்வளவாக அக்கறை இருந்ததில்லை. அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். வியாபாரிகளின் தராசை நம்பி நம்பிச் சலித்துப்போன முந்நூறு விவசாயிகள் சேர்ந்து ஆரம்பித்தது இது. மேனேஜர் என்ற பெயரில் நான் இருக்கிறேன். விதை நெல் வாங்கிச் சுத்தம் செய்து விற்கிறோம். இந்தக் குறுவைக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறோம். டிராக்டர் எடை மேடையில் ஏறி நின்ற உடனே எடை ஆபீஸ் திரையில் விழ வேண்டும். நெல்லின் ஈரப்பதமும் பரிசோதனை அறையிலிருந்து நேராக அங்கே வந்து சேர வேண்டும். நடுவில் யார் கையும் படாமல் சீட்டு அச்சாகி விவசாயியிடம் போக வேண்டும். எங்கள் தலைவர் வைரக்கண்ணு ஊர் ஊராகப் போய் இதைச் சொல்லித்தான் ஆள் சேர்த்தார்.

அதற்கு ஐந்து இடங்களில் இருக்கும் கம்ப்யூட்டர்களை இணைக்க வேண்டும். வாசலில் எடை மேடை, பக்கத்தில் ஆபீஸ், அப்புறம் குடோன், பரிசோதனை அறை, கடைசியில் வாய்க்கால் கரையை ஒட்டி உரக்கடை. கும்பகோணத்திலிருந்து ஃபாஜில் என்பவர் வந்து பார்த்தார். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று வரிசையாகக் கேபிள் இழுத்துவிடலாம் என்கிறார். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. ஆனால் சிங்கப்பூரில் இதே வேலையைப் பெரிய கம்பெனிகளுக்குச் செய்துகொடுக்கிற பெண்டாட்டி இருக்கும்போது, ஒரு வார்த்தை கேட்காமல் செய்தான் என்று நாளைக்கு நீயே சொல்லுவாய்.

நவம்பர் பதினைந்துக்குள் அங்கே இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போடப் போகிறாயா இல்லையா என்று நான் இதில் கேட்கவில்லை. கவனித்துக்கொள்.

மணிவண்ணன்

சிங்கப்பூர்
ஆகஸ்ட் 13

என்னங்க,

கேட்கவில்லை என்று கேட்பதற்கு உங்களிடம்தான் படிக்க வேண்டும்.

ஆபீஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஃபாஜில் சொல்லும் வரிசை வேண்டாம். நடுவில் ஒரு துண்டு அறுந்தால் அதற்கு அப்பால் இருப்பவர்கள் எல்லாரும் போச்சு. கடைசிக் கட்டடத்திலிருந்து மறுபடி முதல் கட்டடத்துக்கு இழுத்து வளையமாக்கலாம். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமாகச் சுற்றிப் போகும். ஆனால் அதை அமைக்கத் தெரிந்தவர் அமைக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் தகவல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி மொத்தமும் மூச்சடைத்து நின்றுவிடும். உங்களுக்கு நட்சத்திர அமைப்புதான் சரி. நடுவில் ஸ்விட்ச் என்று ஒரு பெட்டி வைத்து, ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதிலிருந்து தனித்தனியாக ஒரு கேபிள். உரக்கடைக் கேபிளை யாராவது அறுத்தால் உரக்கடை மட்டும் நிற்கும், மற்றவர்கள் தங்கள் பாட்டுக்கு வேலை பார்க்கலாம். அந்த நடுப்பெட்டியை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் போதும்.

கட்டடங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், எத்தனை கம்ப்யூட்டர், கரண்ட் எங்கிருந்து வருகிறது, இன்வெர்ட்டர் எங்கே என்று எழுதி அனுப்புங்கள். ஒரு படமும் வரைந்து அனுப்பினால் நல்லது.

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

தர்ஷினி

திருவிடைமருதூர்
ஆகஸ்ட் 18

தர்ஷினிக்கு,

கம்ப்யூட்டர் எட்டு. கரண்ட் ஆபீஸ் பக்கமிருந்து வருகிறது. ஆபீஸிலும் குடோனிலும் இன்வெர்ட்டர் உண்டு. தூரத்தை ஆள் வைத்து அளக்க எனக்கு நேரமில்லை; குறுவை பூத்துவிட்டது, வயலைப் பார்த்துவிட்டு வரவே பொழுது போய்விடுகிறது. படம் வரைய எனக்கு வராது என்பது உனக்கே தெரியும்.

நீ சொல்லும் நட்சத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. பரிசோதனை அறை பக்கத்திலிருக்கும் உரக்கடையோடு பேசுவதானால்கூட நடுவில் இருக்கும் பெட்டியிடம் போய்த்தான் பேச வேண்டுமா? அந்தப் பெட்டி ஒருநாள் முறுக்கிக்கொண்டால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதானே? இப்படி ஒரு அமைப்பை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். நம் வீட்டில்தான். மாசாமாசம் நீ அங்கிருந்து சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் இங்கே எது ஒன்றும் நடக்க வேண்டும்.

ஃபாஜில் சொல்வது நம் வாய்க்கால் போல எளிதாக இருக்கிறது. தலைமடையில் திறந்தால் கடைமடை வரைக்கும் தானே போகும். ஆபீஸில் கணக்கு பார்க்கும் மலர்க்கொடிகூட அதைத்தான் சொல்கிறாள்.

மணிவண்ணன்

சிங்கப்பூர்
ஆகஸ்ட் 21

திரு. மணிவண்ணன் அவர்களுக்கு,

நான் கேபிளைப் பற்றி எழுதினேன். நீங்கள் என்னைப் பற்றிப் பதில் எழுதியிருக்கிறீர்கள்.

கடைமடை வரைக்கும் தானே போகும் என்று தலைமடையில் பிறந்தவர்தான் சொல்ல முடியும். நான் சீர்காழிக்காரி. மேட்டூர் திறந்து ஊரெல்லாம் நாற்று விட்ட பிறகும் அப்பா மதகு மேல் உட்கார்ந்து தண்ணீருக்குக் காத்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவள். நடுவில் யார் அடைத்தாலும் எங்கள் வயல்தான் காய்ந்தது. உங்கள் உரக்கடைக்கு அந்தக் கதி வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

ஜூனில் லீவில் வந்திருந்தேனே, நீங்களும் என்னுடன் சிங்கப்பூர் வந்து கொஞ்ச நாள் இருங்கள் என்றேன். கம்பெனியை ஒருநாள்கூட விட முடியாது என்றீர்கள். அதோடு விட்டிருக்கலாம். சாப்பிட உட்கார்ந்திருந்த உங்கள் சித்தப்பா குடும்பத்தின் முன்னால், "விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறவளுக்கு இங்க என்ன தெரியும்" என்று சொன்னீர்கள். அன்றைக்குக் கையில் இருந்த ரசக் கிண்ணத்தை எங்கே வைத்தேன் என்று இன்னும் எனக்கு நினைவில்லை. டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றிக்கொண்டு கிளம்பினேன். அதைப் பற்றி இதுவரை நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போகட்டும். தூரம் அளக்க நேரமில்லை என்றதால் நானே செயற்கைக்கோள் வரைபடத்தில் அளந்துவிட்டேன். ஆபீஸிலிருந்து உரக்கடை நூறு மீட்டருக்கு மேல் வருகிறது. சாதாரணக் கேபிள் அவ்வளவு தூரம் தாங்காது. நடுவில் நீலத் தகரக் கூரை போட்ட பெரிய கட்டடம் ஒன்று தெரிகிறது. அதுதான் குடோனாக இருக்க வேண்டும். அங்கிருந்து எல்லாமே நூறுக்குள் அடங்கிவிடும். அந்த நடுக் கட்டடத்தின் சுவரில், கை எட்டாத உயரத்தில், ஸ்விட்ச் பெட்டியை வைக்கச் சொல்லுங்கள். அங்கே இன்வெர்ட்டரும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மேல் விவாதம் வேண்டாம். இனி நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

தர்ஷினி

திருவிடைமருதூர்
செப்டம்பர் 2

தர்ஷினிக்கு,

நீ சொன்னபடியே செய்தாயிற்று. பெட்டி நடுக் கட்டடத்தில், கை எட்டாத உயரத்தில் இருக்கிறது. குடோனிலா வைக்கிறீர்கள் என்று ஃபாஜில் இரண்டு தரம் கேட்டார். "எங்க வீட்டம்மா சொல்லிட்டாங்க, அப்படியே செய்யுங்க பாய்" என்றேன். நாளையிலிருந்து குடோனை ஒரு வாரம் மூடுகிறோம், அதனால் ராப்பகலாக உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார்.

எல்லாம் வேலை செய்கிறது. எடை மேடையில் மலர்க்கொடியின் ஸ்கூட்டியை ஏற்றிச் சோதித்தோம். அடுத்த நொடி ஆபீஸில் எடை விழுந்தது. வைரக்கண்ணு மேடையில் தானே ஏறி நின்று பார்த்துவிட்டு, ஆளை எல்லாம் காட்டாதாம் என்று சிரித்துக்கொண்டே இறங்கினார்.

நீ கேட்ட கேள்வி வேறு எதுவும் பாக்கி இல்லை என்று நினைக்கிறேன்.

மணிவண்ணன்

சிங்கப்பூர்
செப்டம்பர் 8

என்னங்க,

வேலை செய்கிறது என்று படித்ததும் எனக்கு இருந்த சந்தோஷம் உங்களுக்குப் புரியாது. இங்கே நான் அமைத்துக் கொடுப்பதெல்லாம் பேங்குகளுக்கும் துறைமுகத்துக்கும். யார் உபயோகிக்கிறார்கள் என்று முகம் தெரியாது. வைரக்கண்ணு மேடையில் ஏறி நின்றார் என்ற வரியை நான் பலமுறை படித்தேன்.

இந்த வாரம் முழுக்க ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கீழே இறங்கி, கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு மேலே வருகிறேன். எங்கள் மேலாளர் நேற்றும் கேட்டார், என்ன முடிவு என்று. இரண்டு வருஷம் என்றால் இரண்டு வருஷம்தான், நடுவில் விட மாட்டார்கள். ஊருக்குத் திரும்பி வந்தால் தஞ்சாவூரிலேயோ திருச்சியிலேயோ வேலை கிடைக்கும், சம்பளம் பாதிகூட இருக்காது, அது எனக்குப் பெரிதில்லை. அங்கே எனக்கு ஒரு இடம் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

நேராகவே கேட்டுவிடுகிறேன். நான் கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமா?

தர்ஷினி

திருவிடைமருதூர்
செப்டம்பர் 12

தர்ஷினிக்கு,

உன் வேலை, உன் முடிவு. இதில் நான் சொல்ல என்ன இருக்கிறது. நான் ஏதாவது சொல்லி நாளைக்கு நீ வருத்தப்பட்டால் அந்தப் பழியும் என் தலையில் விழும்.

இங்கே சில இடங்களில் அறுவடை ஆரம்பித்துவிட்டது. வானம் மூட்டம் போடுவதும் கலைவதுமாக இருக்கிறது. நெல் நனைந்தால் விதைக்கு ஆகாது, அந்தக் கவலையில் சாப்பாடு இறங்கவில்லை.

மணிவண்ணன்

திருவிடைமருதூர்
அக்டோபர் 8

தர்ஷினி,

இன்றைக்குக் காலை பதினோரு மணிக்கு எல்லாத் திரையும் ஒன்றாக நின்றுவிட்டன. எடை மேடை, பரிசோதனை அறை, உரக்கடை, எதுவும் எதோடும் பேசவில்லை. நெல் ஏற்றிய டிராக்டர்கள் கேட்டைத் தாண்டி மெயின் ரோடு வரைக்கும் நின்றன. தூறல் வேறு. படுதாவை இழுத்துப் போடுவதும் எடுப்பதுமாக ஆட்கள் அல்லாடினார்கள்.

நடுப்பெட்டிதான் போயிருக்கிறது என்று ஃபாஜில் போனிலேயே சொல்லிவிட்டார். போய்ப் பார்க்கலாம் என்றால் பெட்டி குடோனுக்குள். போன வாரம் வந்த விதை நெல்லுக்கு மருந்து வைத்து ஞாயிற்றுக்கிழமைதான் குடோனைச் சீல் வைத்தோம். ஏழு நாள் ஈ காக்கை உள்ளே போகக்கூடாது. கதவிடுக்கெல்லாம் டேப் ஒட்டி, மண்டையோடு போட்ட போர்டு மாட்டியிருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் உன் நட்சத்திரத்தின் நடுப்புள்ளி செத்துக் கிடக்கிறது, இந்தப் பக்கம் நான் நிற்கிறேன்.

கடைசியில் மேடையில் தெரிந்த எடையைப் பார்த்து மலர்க்கொடி கையால் சீட்டு எழுதினாள். வைரக்கண்ணு அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார். "கையால எழுதறதுன்னா வியாபாரிகிட்டயே போயிருப்போமே தம்பி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் ஊர்க்காரர்களே நாலைந்து பேர் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடுவில் வை என்றாய். வைத்தேன். பார்.

மணிவண்ணன்

சிங்கப்பூர்
அக்டோபர் 8

என்னங்க,

உங்கள் மெயிலைப் பார்த்ததிலிருந்து போன் செய்துகொண்டே இருக்கிறேன், நீங்கள் எடுக்கவில்லை. மலர்க்கொடியின் நம்பர் என்னிடம் இல்லை. உங்கள் ஆபீஸில் வேறு ஒருவர் நம்பர்கூட என்னிடம் இல்லை.

உள்ளே போகாதீர்கள். நெட்வொர்க் எக்கேடும் கெடட்டும். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கு உங்களைத் தெரியும். அது மூட்டைப்பூச்சி மருந்து இல்லை. போனை எடுங்கள். எடுக்கப் பிடிக்கவில்லை என்றால் வெளியேதான் இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

தர்ஷினி

திருவிடைமருதூர்
அக்டோபர் 14

தர்ஷினி,

அன்றைக்கு எழுதிய ஒரு வரி உனக்குப் போதவில்லை என்று தெரியும். நான் முழுதாகத்தான் இருக்கிறேன். நேற்று குடோனைத் திறந்து காற்றாட விட்டு, இன்றைக்குத்தான் உள்ளே போனோம்.

நீ பயந்தது சரிதான். அன்று மத்தியானம் வைரக்கண்ணு போன பிறகு நான் சாவியை எடுத்துக்கொண்டு குடோன் பக்கம் நடந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்ப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டேன். டேப்பில் பாதியைப் பிரித்தும்விட்டேன். மலர்க்கொடி பின்னாலேயே ஓடிவந்து சாவிக் கொத்தைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணிக்கு யாருண்ணே போன் பண்ணிச் சொல்றது?" என்றாள். சாவியை அவளிடமே விட்டுவிட்டேன். அங்கேயே களத்தில் உட்கார்ந்துவிட்டேன். நீ அத்தனை தரம் கூப்பிட்டபோது எடுக்காததும் அதனால்தான். எடுத்தால் அழுதிருப்பேன்.

பெட்டியைப் பிரித்துப் போட்டோ அனுப்பியிருக்கிறேன். மாட்டி ஆறு வாரம்தான் ஆகிறது. உள்ளே செம்பாக இருந்த இடமெல்லாம் கறுத்துப் பொடியாக உதிர்கிறது. கேபிள் முனைகளும் அப்படியே. ஈரம் என்கிறார் ஃபாஜில். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மணிவண்ணன்

சிங்கப்பூர்
அக்டோபர் 15

என்னங்க,

ஈரம் இல்லை. மருந்துதான். நெல்லுக்கு வைக்கும் அந்த மாத்திரையிலிருந்து வரும் வாயு வண்டை மட்டும் கொல்வதில்லை, செம்பையும் தின்னும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் இன்னும் வேகமாக. நேற்றுவரை எனக்கு இது தெரியாது. நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் யாரும் கம்ப்யூட்டர் அறையில் விஷம் வைத்து மூடியதில்லை.

உங்களுக்கு அங்கே மருந்து வைப்பது தெரியும், செம்பைத் தின்னும் என்பது தெரியாது. ஆனால் ஏழு நாள் யாரும் நுழைய முடியாத இடத்தில் பெட்டியை வைத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும்தானே? ஃபாஜில் இரண்டு தரம் கேட்டார் என்று நீங்களே எழுதினீர்கள். ஒரு வரி எனக்கு எழுதியிருந்தால் நான் அடுத்த நிமிடமே மாற்றியிருப்பேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுது என்றேன், அதைப் பிடித்துக்கொண்டு வீம்புக்கு வாயை மூடிக்கொண்டீர்கள்.

இதைக் கோபத்தோடுதான் தட்டினேன். பிறகு உங்கள் பழைய மெயில்களை எடுத்துப் பார்த்தேன். குடோனை ஒரு வாரம் மூடுகிறோம் என்று செப்டம்பரிலேயே எழுதியிருக்கிறீர்கள். ஏன் மூடுகிறீர்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஜூனில் ஊரில் இருந்த நாளெல்லாம் உங்கள் ஆபீஸ் வாசலைக்கூட நான் மிதிக்கவில்லை. ஒரு தடவை அந்தக் குடோனுக்குள் வந்திருந்தால் என் மூக்கே சொல்லியிருக்கும். மேலேயிருந்து நீலக் கூரையைப் பார்த்து, இதுதான் நடு என்று முடிவு கட்டினேன்.

புதிய அமைப்பு இது. நடு என்று ஒன்று வேண்டாம், இரண்டு பெட்டிகள். ஒன்று ஆபீஸில், ஒன்று பரிசோதனை அறையில். எடை மேடை ஆபீஸ் பெட்டியோடு, உரக்கடை பரிசோதனை அறைப் பெட்டியோடு. குடோன் கணக்குக் கம்ப்யூட்டரை வெளியே கொண்டுவந்து பரிசோதனை அறையிலேயே வைத்துவிடுங்கள். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே கண்ணாடி இழைக் கேபிள்; அதற்குத் தூரமும் பிரச்சினை இல்லை, வாயுவும் ஒன்றும் செய்யாது. அதையும் ஒன்றாக இழுக்காமல் இரண்டாக, காம்பவுண்டின் இரண்டு பக்கமாக இழுக்க வேண்டும். ஒன்று போனால் இன்னொன்று தூக்கிக்கொள்ளும்.

ஆனால் எந்தப் பக்கம் கேபிள் போக வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. உங்கள் இடம் எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லுங்கள். கேட்டது, கேட்காதது எல்லாவற்றையும்.

தர்ஷினி

திருவிடைமருதூர்
நவம்பர் 9

அன்புள்ள தர்ஷினி,

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், நீ கேட்டதை நான் நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இடத்தில் நாலு வருஷமாக இருக்கிறேன், உனக்குச் சொல்ல வேண்டும் என்று பார்த்தபோதுதான் பல விஷயம் என் கண்ணில் பட்டது.

வடக்குப் பக்கம் வாய்க்கால் ஓரம். ஐப்பசியில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், தரையில் புதைத்தால் தொலைந்தது. அங்கே சுவரோடு மேலாக ஏற்றிப் போக வேண்டும். தெற்குப் பக்கம் காய்ந்த தரை, ஆனால் வண்டிகள் திரும்புவது அங்கேதான். சேற்று வயலுக்கு மாட்டிய இரும்புச் சக்கரத்தைக் கழற்றாமல் சில டிராக்டர்கள் வரும், தரையைக் கீறிவிட்டுப் போகும். அதனால் அங்கே ஆழமாக, இரும்புக் குழாய்க்குள். எலி எல்லா இடத்திலும் உண்டு. அறுவடைக்கு அப்புறம் வயலில் தின்ன ஒன்றும் இல்லாதபோது மொத்தமாக எங்களிடம் குடியேறும். மத்தியானம் களத்தில் நெல் காயப் போடும் பெண்கள் எதில் தடுக்கினாலும் பிடுங்கித் தூர வைத்துவிடுவார்கள், அதனால் களத்தின் குறுக்கே எதுவும் வேண்டாம். ஆபீஸ் கூரை கிழக்கு மூலையில் ஒழுகும். பரிசோதனை அறையில் இருக்கும் இளைஞர் செம்மொழி கெட்டிக்காரர், அவருக்கும் மலர்க்கொடிக்கும் நீ எழுதிக் கொடுத்தால் பெட்டியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் நான்தான் வேண்டும் என்று இங்கே வழக்கமாக்கியிருக்கிறேன், அது நல்லதில்லை என்று அன்றைக்குக் களத்தில் உட்கார்ந்தபோது தெரிந்தது.

இதையெல்லாம் வைத்து ஃபாஜில் வேலையை ஆரம்பித்துவிட்டார். சம்பாவுக்குள் முடிந்துவிடும். வைரக்கண்ணுவிடம் நடந்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். சம்பாவுக்குப் பார்க்கலாம் என்றார்.

சாப்பிட உட்கார்ந்தவர்கள் முன்னால் உன்னை அப்படிச் சொன்னது தப்பு. அதைச் சொல்லும்போதே தப்பு என்று தெரியும். நீ போய்விடுவாய் என்ற ஆத்திரத்தில் போய்விடும்படி பேசினேன்.

செப்டம்பரில் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கையெழுத்துப் போடாதே. எனக்கு நீ இங்கே வேண்டும்.

மணி

சிங்கப்பூர்
நவம்பர் 9

என்னங்க,

போன வெள்ளிக்கிழமை போட்டுவிட்டேன்.

தேதி இருந்தது, பதினைந்து வரைக்கும் இருந்தது. உன் வேலை உன் முடிவு என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் ஏதாவது வரும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை மேலாளர் காகிதத்தை மேஜையில் வைத்தார், இனிக் காத்திருக்க எனக்கே வெட்கமாக இருந்தது, போட்டேன்.

இந்தக் கடிதம் ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன். உங்களைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மை அது, உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் பேச்சு மாற மாட்டேன். இரண்டு வருஷம். மலர்க்கொடிக்கும் செம்மொழிக்கும் எழுத வேண்டியதைத் தனியாக எழுதி அனுப்புகிறேன். இப்போது என்னால் வேறு எதுவும் எழுத முடியவில்லை.

தர்ஷினி

திருவிடைமருதூர்
பிப்ரவரி 16

அன்புள்ள தர்ஷினி,

மூன்று மாதமாக நானும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. ஆனால் மலர்க்கொடியோடும் செம்மொழியோடும் நீ வாரா வாரம் பேசியது எனக்குத் தெரியும். பக்கத்து அறையில் உன் குரல் கேட்கும். நான் உள்ளே வர மாட்டேன். வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போய்விடுவேன்.

சம்பா கொள்முதல் நேற்றோடு முடிந்தது. ஒரு வேளைகூட நிற்கவில்லை. தை கடைசியில் எலி ஒன்று வடக்குக் கேபிளைக் கடித்துவிட்டது, தெற்குக் கேபிள் தூக்கிக்கொண்டது, ஆபீஸில் யாருக்கும் தெரியக்கூட இல்லை. செம்மொழிதான் பெட்டியில் விளக்கு மாறியதைப் பார்த்துக் கண்டுபிடித்தார். குறுவையில் திருப்பிக்கொண்டு போன டிராக்டர்களில் மூன்று திரும்ப வந்தன. வைரக்கண்ணு தன் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வரிசையில் அடுத்தவருக்கு இடம் விட்டார். அவர் ஒன்றும் சொல்லாதது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குப் புரியும்.

கொள்முதல் நடுவில் ஒருநாள் நான் திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது. காலையில் போனவன் இருட்டிய பிறகுதான் வந்தேன். நான் இல்லாமலே எல்லாம் நடந்து முடிந்திருந்தது. யாரும் எனக்குப் போன்கூடச் செய்யவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

போனது பாஸ்போர்ட்டுக்கு. வந்துவிட்டது. விசாவும் வந்துவிட்டது. இருபத்து நாலாம் தேதி காலை திருச்சியில் விமானம் ஏறுகிறேன். ஒரு மாதம் இருக்கலாம் என்கிறார்கள். குறுவைக்கு நாற்று விடும் வரைக்கும் இங்கே என்னைத் தேட மாட்டார்கள். நான் வர வேண்டாம் என்றால் சொல்லிவிடு, டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறேன். சொல்லாமல் மட்டும் இருக்காதே.

நீ அங்கே போய் ஆறு வருஷம் ஆகிறது. நீ எந்த மாடியில் உட்காருகிறாய், பக்கத்தில் யார், ஜன்னல் இருக்கிறதா, மதியம் சுற்றிச் சுற்றி நடக்கிறேன் என்றாயே, அந்தத் தெரு எப்படி இருக்கும், எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாமலே உன்னோடு இத்தனை சண்டை போட்டிருக்கிறேன். ஏர்போர்ட்டுக்கு லீவு போட்டுக்கொண்டு வராதே. நீ வேலை பார். உன் ஆபீஸ் முகவரியை மட்டும் அனுப்பு, பெட்டியோடு நேரே அங்கேதான் வருகிறேன். வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மணி